கதை எங்கே?

கேள்வி: தார்கோவ்ஸ்கியின் ‘கண்ணாடி’ படத்தை இரண்டு தடவை பார்த்தும் கதை பிடிபடவில்லையே?

பதில்: பிடிபட்டிருந்தால்தான் ஆச்சரியம்! தம் பால்யத்தில் வசித்த வீட்டை அதே ஸ்தலத்தில் மறுபடி எழுப்பி, எதிர்வயலில் அன்று பூத்திருந்த தானியத்தையே விதைத்துப் பூக்கும்வரை காத்திருந்து, தகப்பனார் அர்சேனியின் கவிதைகளை அவர் குரலிலேயே ஒலிக்கவிட்டு, வயோதிகத் தாயாரையும் திரையில் தோன்றச் செய்த ஒருவர், 1975-இல் வெளிவந்த அந்தச் சித்திரத்தில் ஞாபகங்களை வருஷக் கிரமப்படி அடுக்க மறந்தது அபராதமாகாது. தாயாக வரும் தெரெகோவாவே மனைவியாகவும் வருவதுதான் உம்மைக் குழப்பியிருக்கும், (மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே முகமென்றால் எந்த வீட்டில் சமாதானம் நிலவும்?) ஆயினும் என் அபிப்பிராயத்தில் படத்தின் ஜீவனே அதுதான். கதைதான் வேண்டுமென்றால், அவரது முதல் முழுநீளப் படமான ‘இவானின் பால்யம்’ (1962) இருக்கிறது. அதை முதலில் பாரும்.