வேர்வைக்கும் கம்பளிதான்!

கே: கம்பளி குளிர்காலத்துக்குத்தானே? எங்கள் ஊரில் யார் அதை விரிப்பார்கள்? (சென்னை வாசகர்)

மே மாதப் புழுக்கத்தில் போர்த்தச் சொல்லமாட்டேன். கீழே விரியுங்கள், அதன்மேல் ஒரு பருத்தி விரிப்பு. ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. முதுகு வேர்வை ஆவியாகவே இழைக்குள் போய்விடும். காலையில் எடுத்து நிழலில் காற்றாட உதறிப் போட்டால் அந்த ஈரம் வெளியேறிவிடும். ஏசி அறையில் தூங்குகிறவரா? அப்படியென்றால் மெல்லிய கம்பளியைப் போர்த்தவும் செய்யலாம்.

கே: பாலியஸ்டர் ரஜாய்க்குள் முதலில் கதகதப்பு, நடுநிசியில் வேர்த்து விழிப்பு. ஏன்? (உதகை வாசகி)

பாலியஸ்டர் இழை ஈரத்தை உள்ளே வாங்குவதே இல்லை என்று சொல்லலாம். உடம்பிலிருந்து வரும் ஆவி போர்வைக்கடியில் தேங்குகிறது. பிசுபிசுப்பு தாங்காமல் உதைத்துத் தள்ளுகிறீர்கள், உடனே குளிர்கிறது. கம்பளியோ அந்த ஆவியை உறிஞ்சுகிறது, உறிஞ்சும்போதே கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. பனி இறங்கும் மலையில் மேய்ப்பவர்கள் கம்பளியை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். இழையின் சுருள்களுக்கிடையே தங்கும் காற்று மீதிக் குளிரைத் தடுக்கும்.

கே: ஆய்வு ஏதாவது உண்டா, எல்லாம் பாட்டி சொன்னதுதானா? (மதுரை)

உண்டு. சிட்னி பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 30 டிகிரி வெப்ப அறையில், 65 வயதை எட்டியவர்கள் கம்பளி இரவுடையில் சுமார் 12 நிமிடத்தில் உறங்கிவிட்டார்கள். பருத்தி உடையில் சுமார் 27 நிமிடம். சோதித்தது உடையைத்தான், படுக்கையை அல்ல. ஆஸ்திரேலியக் கம்பளித் துறையின் நிதியும் அதில் உண்டு. இரண்டையும் மனதில் வைத்தே படியுங்கள்.

கே: எனக்குக் கம்பளி அலர்ஜி. உடம்பெல்லாம் குத்துகிறது. (திருச்சி)

பெரும்பாலும் அது அலர்ஜியாக இருக்காது. சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் முனை தோலைக் குத்தும். மெரினோ ஆட்டு ரோமம் அதைவிட நைசு, அதனால் பெரும்பாலும் குத்துவதில்லை. நம் தக்காணத்து ஆட்டு ரோமம் முரடு. போதாததற்கு நெசவில் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுகிறார்கள். புதுசில் விறைப்பாக இருப்பது அதனால்தான், புழங்கப் புழங்கத் தளரும். அதுவரை பருத்தி உறைக்குள் வையுங்கள். தடிப்போ மூச்சிரைப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கே: தீப்பிடிக்குமா? (சிவகாசி)

எளிதில் பிடிக்காது. பிடித்தாலும் உருகித் தோலில் ஒட்டாது, கருகி நிற்கும்.

கே: கைக்குழந்தைக்குப் போர்த்தலாமா? (சேலம்)

ஒரு வயது ஆகும்வரை தளர்வான எந்தப் போர்வையும் தொட்டிலில் வேண்டாம், கம்பளி உட்பட.

கே: அந்துப்பூச்சி அரித்துவிடுகிறதே? (கோவை)

அரிப்பது பூச்சியின் புழு. ரோமத்திலுள்ள கெரட்டின்தான் அதற்கு இரை. வேர்வைக் கறை படிந்து இருட்டில் மடித்துக் கிடக்கும் கம்பளி அதற்கு விருந்து. அழுக்கோடு மடிக்காதீர்கள், மாதம் ஒருமுறை உதறி வெயில் காட்டுங்கள். வெந்நீரும் வாஷிங் மெஷின் சுழற்சியும் கூடவே கூடாது. இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளி சுருங்கிவிடும்.

கே: நல்ல கம்பளி எங்கே கிடைக்கும்? (திண்டுக்கல்)

உங்கள் மாவட்டத்திலேயே கம்பளி ரோமம் தரும் குறும்பை ஆடு உண்டு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் குருபர், குருமர் என்னும் மேய்ப்பர் வீடுகளில் கைத்தறிக் கம்பளி நெய்கிறார்கள். ஆனால் ஆடு இன்று பெரும்பாலும் கறிக்குத்தான் வளர்கிறது. முரட்டு ரோமத்துக்கு விலையில்லாமல் கத்தரித்ததைக் கொட்டிவிடும் மேய்ப்பர்கள் உண்டு. உடம்புக்கடியில் விரிக்க அந்த முரட்டு ரோமம்தான் தோது, நசுங்காமல் உழைக்கும். அடுத்த முறை படுக்கை வாங்கும்போது நெய்கிறவர்களிடமே நேரில் கேட்டு வாங்குங்கள்.