விலை கடைசி நாளில்

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் கிரிப்டோ, பிளாக்செயின் பற்றி வகுப்பு எடுக்கப்போகிறோம். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில்?
– ஒரு வாசகி, மாப்பிள்ளையூரணி

பதில்: விலையைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். முதல் நாளே பிட்காயின் விலையைச் சொன்னால் மறுநாள் வகுப்புக்கு ஆள் வராது. எல்லோரும் போனில் ஏற்ற இறக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

குழுவின் கணக்கு நோட்டிலிருந்து தொடங்குங்கள். அதே நோட்டு ஒவ்வொருவர் கையிலும் இருந்து, ஒருவர் ஒரு வரியைத் திருத்தினால் மற்ற நோட்டுகள் காட்டிக்கொடுத்தால், அதுதான் பிளாக்செயின். காசு, நாணயம் இல்லாமலும் அது ஓடும்: தமிழக அரசின் ‘நம்பிக்கை இணையம்’ சான்றிதழ்களைக் காக்க இதைத்தான் பயன்படுத்துகிறது. இதற்கே ஒரு முழு நாள் கொடுங்கள்.

பிறகு, கிரிப்டோ நாணயங்களைத் திறக்கும் சாவி. ரகசியச் சாவி தொலைந்தால் மேனேஜரிடம் மனு கொடுக்க முடியாது, மேனேஜரே கிடையாது. நாணயங்களைக் கிரிப்டோ சந்தை நிறுவனத்திடம் விட்டுவைத்தாலும் ஆபத்து உண்டு: 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற அத்தகைய நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின.

சட்டம் சுருக்கமாகப் போதும்: கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

“மாதத்தில் இரட்டிப்பு” என்று வாட்ஸ்அப்பில் வருபவரைப் பற்றியும் பேசுங்கள். ஏமாந்தால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.