மேலே என்ன சாமி?

மூவார், ஜொகூர்

அன்புள்ள அக்காவுக்கு,

மலை ஏறினேன் என்றதும் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "மேலே என்ன சாமி?" சாமி இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குடா ஏறினே?" என்று போனை வைத்துவிட்டாள். முழங்கால் வலிக்கும்போதெல்லாம் எனக்கும் அதே சந்தேகம்தான். எங்கள் பட்டறையில் வேலை பார்க்கும் இந்த ஊர்த் தம்பி ஒருவன், "பசியாறிட்டு ஏறுனா சீக்கிரம் இறங்கிரலாம்ணே" என்று கூட்டிப் போனான். இறங்கும்போது இருட்டிவிட்டது.

மலை பெயர் குனோங் லேடாங். 1,276 மீட்டர். கொடைக்கானல் இதைவிட உயரம் என்பார் அத்தான். சொல்லட்டும், கொடைக்கானலுக்கு பஸ் போகிறது. இங்கே கயிற்றைப் பிடித்து, பாறையில் சாத்தியிருக்கும் இரும்பு ஏணியில் தொங்க வேண்டும். அப்பா தோளில் உட்கார்ந்தபடி சதுரகிரி ஏறிய அனுபவம் எதற்கும் உதவவில்லை.

ஏணியைக்கூட மன்னித்துவிடலாம், வாசலைத்தான் மன்னிக்க முடியாது. சதுரகிரி அடிவாரத் தாணிப்பாறையில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுவார்கள். இங்கே எண்ணுகிறார்கள். பையைக் கொட்டி, தண்ணீர் பாட்டில் 3, பிஸ்கட் உறை 2, பிளாஸ்திரி 4 என்று படிவத்தில் ஏற்றுகிறார்கள். இறங்கும்போது அத்தனையும் காட்ட வேண்டும், குறைந்தால் அபராதம். நீ அனுப்பிய கடலை மிட்டாய் பாக்கெட்டை 'ஒன்று' என்று எழுதப் போன மனிதர், உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருப்பதைப் பார்த்துவிட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீளுகிறது. 24. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினால் 23. தம்பி ஒன்றை வாயில் போட்டிருந்தான்! அவன் சட்டைப்பையிலிருந்து உறையை வாங்கிப் பார்த்து, 24 என்றே எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். விமான நிலையத்தில் என்னையே இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

அப்புறம் எங்கே காட்சியைப் பார்ப்பது? உச்சி வரைக்கும் பையைத் தடவிக்கொண்டேதான் போனேன். 1854-ல் வாலஸ் என்ற வெள்ளைக்காரர் பூச்சியும் செடியும் தேடி இதே மலைக்கு வந்தாராம். அவர் பெட்டியை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள், புண்ணியவான்.

கீழே வந்து கொட்டினால் 25. வழியில் யாரோ போட்ட உறையைத் தம்பி நல்ல பிள்ளையாகப் பொறுக்கியிருக்கிறான். குறைந்தால் என்ன செய்வதென்று படிவத்தில் இருக்கிறது, கூடினால்? மேலதிகாரி வந்தார். மூன்று பேர் கூடிப் பேசினார்கள். கடைசியில் அந்த ஒன்றை மட்டும் எங்களிடமே கொடுத்து, வெளியே போய்க் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னார்கள்.

சாமி இல்லை என்றேனே, ஒரு இளவரசி உண்டு. மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆள் அனுப்பினாராம். மலாக்காவிலிருந்து மலை வரை தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், ஏழு தட்டு கொசு நெஞ்சு, கடைசியாக சுல்தானுடைய மகனின் ரத்தம் ஒரு கிண்ணம் என்று பட்டியல் போட்டாளாம் அவள். ரத்தம் என்றதும் சுல்தான் ஒதுங்கிக்கொண்டார். நம் தரகர் கொண்டுவரும் பெண் வீட்டுப் பட்டியலைவிட இது பரவாயில்லை. கொசு நெஞ்சு எங்கள் விடுதியிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கும்.

மறுநாள் பசியாறியது மூவாரில். இங்கே விடிந்ததும் சாத்தே சுடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கறி தின்றேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. மத்தியானம் லக்சா ஜொகூர். சேமியாவுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் இத்தாலி ஸ்பாகெட்டியில் மீன் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். பழைய சுல்தான் அபு பக்கர் இத்தாலியில் தின்றுவிட்டு வந்து ஆசைப்பட்டாராம், அப்படித்தான் சொல்கிறார்கள். கையால் பிசைந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரி அசாம் பெடாஸ்: புளி, மிளகாய், மீன். முதல் வாயில் நம் வீடு. இரண்டாவது வாயில் ஒரு முழு வெண்டைக்காய். மீனோடு வெண்டைக்காய், அக்கா! ஆனாலும் இரண்டு தட்டு சோறு இறங்கியது. பாத்திரத்தின் அடியை வழித்துத் தர ஆள் இல்லாததுதான் குறை.

தீபாவளிக்கு இங்கேயும் அரசு விடுமுறைதான், ஆனால் ஒரே நாள். அதற்குள் நான் சென்னை வரைகூட வந்து திரும்ப முடியாது. விடுப்பு கேட்டால், சோபா ஆர்டர் நிற்கிறது என்கிறார்கள். யாரோ சாய்ந்து உட்கார நான் நின்றுகொண்டே கால் செதுக்குகிறேன். பொங்கலுக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.

சீட்டுப் பணம் அனுப்பிவிட்டேன், அத்தான் கையில் கொடுக்காதே. தரகருக்கு ஜாதகத்தோடு மலைப் படத்தையும் கொடு. ஏணியில் தொங்குவது வேண்டாம், உச்சியில் இடுப்பில் கை வைத்து நிற்பதைக் கொடு. அதில் வயிறும் தெரியாது.

அன்புடன்,
தம்பி