ரத்தத்துக்கு மொழி உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் என் மகள் ஸ்பானிஷ் வகுப்பிலும் சேர்ந்திருக்கிறாள். ரத்தமும் திசுவும் ஆராயப் போகிறவளுக்கு இது தேவையா?

பதில்: ரத்தம் பேசாது, ரத்தம் கொடுத்தவர் பேசுவார். அந்த நாட்டில் 4 கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ்.

ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று வையுங்கள். பழைய பெயின்டா, தண்ணீர்க் குழாயா என்று தேடுவார்கள். மெக்சிகோ வழி வந்த சில குடும்பங்களில் குழந்தைக்கு வயிறு மந்தமானால் ‘எம்பாச்சோ’ என்று சொல்லி, ‘கிரேட்டா’ என்ற மஞ்சள் பொடியோ ‘அசார்கோன்’ என்ற ஆரஞ்சுப் பொடியோ கொடுப்பதுண்டு. இரண்டும் ஈய ஆக்சைடுகள்! 1980-களின் தொடக்கத்திலேயே சுகாதாரத் துறையினர் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். கருவி ஈயத்தின் அளவைச் சொல்லும். பொடி எந்த டப்பாவிலிருந்து வந்தது என்பதைத் தாய்தான் சொல்ல வேண்டும். அதட்டினால் அவர் வாய் திறக்கமாட்டார். பாட்டி கைமருந்து ஏதும் கொடுத்தாரா என்று அவர் மொழியிலேயே பக்குவமாகக் கேட்டால், டப்பாவையே எடுத்து வந்து காட்டுவார்.

அதற்காக முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷில் ஆரம்பித்துவிடக் கூடாது. குவாதமாலாவிலிருந்து வந்தவரின் தாய்மொழி மாம், கிச்சே போன்ற மாயா மொழியாக இருக்கலாம். ஒப்புதல் கையெழுத்து, நோய் விவரம் என்று வந்தால் அரைகுறை மொழி ஆபத்து. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும். நோயாளியின் சின்னப் பிள்ளையை அந்த வேலைக்கு இழுப்பது பாவம்.

மகளைத் தாராளமாகப் படிக்கவிடுங்கள். ஃபீஸுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.