சந்தனப் பொட்டு வைத்த எக்ஸ்பி

பொம்மையார்பாளையத்தில் கரையை வருஷா வருஷம் கடல் அரிக்கிறது. எதுவும் அரிக்காத பொருள் ஒன்றை, பஸ் ஏறிப் போய் ஓர் ஆபீஸில் பார்த்தேன். பேர் வேண்டாம், சொன்னால் ஃபைல் காணாமல் போகும்.

மேஜைக்குக் கீழே ஒரு சிபியூ. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்திருக்கிறது. அடுக்கை எண்ணினால் வயசு தெரியும். திரையில் பச்சைப் புல்மேடு, நீல வானம். விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபரில் பிறந்தது, 2014 ஏப்ரல் 8-இல் மைக்ரோசாப்ட் தலைமுழுகியது. பெற்றவர் கருமாதி முடித்த பிள்ளைக்கு நாம் பொட்டு வைத்து உத்தியோகம் கொடுத்திருக்கிறோம்.

எனக்கு முன்னால் குப்பத்து ஆயா. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் முடிந்து படகு கடலுக்குப் போய்விட்டது; நிவாரணப் பணம்தான் இன்னும் கரையேறவில்லை.

"சைட் ஓப்பன் ஆவல ஆயா. சிஸ்டம் பழசு. வெள்ளிக்கிழம வா. வரும்போது ஆதாரை அப்டேட் பண்ணிட்டு வா, எடுத்துப் பத்து வருஷம் ஆச்சு பாரு," என்றார் கிளார்க்.

சைட் மேல் குற்றமில்லை. இன்றைய தளங்கள் கேட்கிற டிஎல்எஸ் 1.2 பூட்டுக்கு அந்தக் கிழட்டு எக்ஸ்ப்ளோரரிடம் சாவி கிடையாது. குரோமே 2016 ஏப்ரலில் எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது. ஆதார் விதி 2022 நவம்பரில் சொன்னது, பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம் என்று. அந்த 'லாம்' கவுண்டருக்கு வருவதற்குள் 'ணும்' ஆகிவிடுகிறது. மனுஷிக்குக் காலாவதி உண்டு. மெஷினுக்குக் கிடையாது.

"மாத்தக் கூடாதா?" என்றேன்.

"வானவில் ஃபான்ட் இதுலதான் சார் இருக்கு. பிரிண்டரும் இதுக்குத்தான் கட்டுப்படும்."

கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, 2010 ஜூனிலேயே யூனிகோடுதான் என்று அரசாணை வந்தாயிற்று. ஆணையை எந்த ஃபான்டில் அடித்து அனுப்பினார்களோ, இங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கும். காசில்லை என்ற கதையும் எடுபடாது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இலவசம்.

2017 மே மாதம் வான்னாக்ரை ரேன்சம்வேர் உலகத்தை மிரட்டியபோது, தலைமுழுகிய மைக்ரோசாப்டே மனமிரங்கி எக்ஸ்பிக்கு ஒரு ஒட்டுப் போட்டது. அதை இதில் போட்டீர்களா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுறோம் சார்."

ஏடிஎம்களில் இருந்த எக்ஸ்பியை 2019 ஜூனுக்குள் மொத்தமாக ஒழிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2018-இலேயே கெடு வைத்தது. பணம் இருக்கிற பெட்டிக்குக் கெடு. ஏழையின் மனு இருக்கிற பெட்டிக்குச் சந்தனம்.

ஆயா போகவில்லை. குனிந்து அந்தப் பெட்டியையே பார்த்தாள்.

"தம்பி, இதுக்கு ஆதார் கீதா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.


"பொட்டி பழசுன்னா பொட்டிய மாத்து. என்னிய ஏன்டா மாத்திக்கினு வரச் சொல்ற?"