தூதுவனுக்குச் சம்பளம் கிடையாது

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றுவிட்டால் எனக்கு வேலை வந்துவிடும். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடா" என்பாள் அம்மா. நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பா, "பசியில்லைன்னு சொல்லு" என்பார். இரண்டையும் நான் ஒருமுறை உரக்கச் சொல்லவேண்டும். அதுதான் முறை. பாட்டி தூது போனால் வாசகம் மாறிவிடும். 'பசியில்லை' என்பது, 'உன் கையால சாப்பிடமாட்டானாம்' என்று அடுப்படி போய்ச் சேரும். முற்றினால் தாய்மாமன் வருவார். கோழிக்குழம்பு சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, "நீதாம்மா விட்டுக்கொடுத்துப் போகணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார். தீர்ப்பு எப்போதும் அதேதான் என்பதால் விசாரணை நீளாது.

இப்போது காலம் முன்னேறிவிட்டது. நானும் மனைவியும் மகனும் ஏசி அறையில் குடும்ப ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"இவர்கிட்ட நீங்களே சொல்லுங்க மேடம்" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"பக்கத்துலதானே இருக்கார்? நீங்களே சொல்லுங்க."

நான் இலவசமாகச் செய்த வேலையை, செய்யமாட்டேன் என்று சொல்வதற்கு இவருக்குக் கட்டணம்!

அதற்கும் சாஸ்திரம் இருக்கிறது. 1950களில் நோயாளியோடு குடும்பத்தையே ஆஸ்பத்திரியில் தங்கவைத்துக் கவனித்த அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன், இருவருக்குள் இறுக்கம் ஏறினால் மூன்றாம் ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்றார். அதற்கு முக்கோணம் என்று பெயரும் வைத்தார். அதன் மூன்றாம் முனையில் டவுசரோடு நின்றவன் நான்.

ஆலோசகர் நாலு தலைமுறைக்குப் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சண்டைக்கு நெளிகோடு. பொதுச்சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போன தாத்தாவும் சின்னத் தாத்தாவும் வந்ததுமே தாள் முழுக்க நெளிந்துவிட்டது.

பிறகு மகனிடம் திரும்பினார். "அம்மா கோபப்பட்டா அப்பா என்ன பண்ணுவார்?"

"மாடிக்குப் போய்த் தண்ணித்தொட்டி ரொம்பிடுச்சான்னு பாப்பார்."

"அப்போ அம்மா?"

"என்கிட்ட வந்து அப்பாவைப் பத்திச் சொல்லுவாங்க."

"நீ?"

"ஹெட்போன் மாட்டிக்குவேன்."

என் காலத்தில் அந்தக் கருவி வந்திருக்கவில்லை.

"சரி, தப்பு யார் மேல மேடம்?" என்றேன். அதை மட்டும் கடைசிவரை அவர் சொல்லவில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடக்கூடாது; கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேசவேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்.

இப்போது நேரடியாகவே சண்டை போடுகிறோம். தூதர் இல்லாததால் சட்டென்று மூள்கிறது. சொன்னது மாறாமல் போய்ச் சேர்வதால் சட்டென்று முடிந்தும்விடுகிறது. தண்ணீர்த்தொட்டிதான் அடிக்கடி வழிகிறது. போய்ப் பார்க்க ஆளில்லை.