பலாலி மாமா

பாகாயத்தில் டவுன் பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் தினமும் காலை ஆறரைக்கு இரண்டு பேர் ‘ஃபால்-இன்’ ஆகிறார்கள். ஒருவர் ரிட்டயர்டு ஹவில்தார், மற்றவர் ரிட்டயர்டு சுபேதார். ஊர் முறையில் ஹவில்தார் மாமன், சுபேதார் மருமகன். வயதிலும் மாமனே மூப்பு. ஆனால் டீக்கடை பெஞ்சில் எழுந்து நின்று “வாங்க சாப்” என்பவர் மாமன்தான். ஒரு கல்யாணத்தில் மருமகன் காலைத் தொட்டுக் கும்பிட, மாமன் ஆசீர்வாதம் பண்ணுவதற்கு பதில் விறைத்து நின்று சல்யூட் அடித்துவிட்டாராம்.

பெயர் வேண்டாம். இங்கிருந்து கணியம்பாடி வரை எந்தத் தெருவில் தேடினாலும் இப்படி ஒரு ஜோடி கிடைக்கும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். இந்தப் பட்டாளத்து வியாதியும் பழசு. முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரிழந்தார்கள் என்று லாங்கு பஜார் மணிக்கூண்டில் கல்வெட்டு இருக்கிறது. மிச்சம் 263 பேர் ஊர் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்து என்ன பாடு படுத்தினார்களோ, அதற்குக் கல்வெட்டு இல்லை.

நம்மவர்கள் போன ஃபாரின் இலங்கை. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதிப் படை என்ற பெயரில் இவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கினார்கள். “டில்லிக்குப் போகணும்னா காட்பாடியில ஏறி ரெண்டு ராத்திரி உக்காந்துகினே போவணும். ஃபாரினுக்கு ஏ.என். முப்பத்திரண்டுல ஏறினா, பீடி பத்த வைக்கிறதுக்குள்ள எறக்கி வுட்டுட்டான்” என்பார் ஹவில்தார். விமானத்தில் பீடியா என்று கேட்கக் கூடாது. கேட்டவர்களுக்கு அன்று ஆபீஸ் லேட்.

இறங்கிய இடத்திலும் தமிழ். அதுதான் சங்கடம். ஹவில்தார்தான் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளர். சோதனைக்குப் போன வீட்டில் ஒரு பாட்டியிடம் வடக்கத்தி ஆபீசர் ஏதோ கேட்க, பாட்டி “ஓம், ஓம்” என்றாளாம். ஆபீசர் பக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் ‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’ என்று ஹவில்தார் சொல்லவில்லை. “எதுக்கு சொல்லணும்? கிழவி நல்லா இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்” என்பார். அந்தப் பாட்டி கொடுத்த தேத்தண்ணிக்கு இந்த டீ ஈடாகாது என்று டீக்கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்வார். அதற்குப் பிறகும் அவருக்குக் கடன் கிடைக்கிறது.

அவர் பேச்சில் இன்னமும் மூன்று பாஷை புரளும். பேரனை ‘ஜல்தி வெளிக்கிடுடா, ஸ்கூல் வேன் வந்துகினு கீது’ என்று துரத்துவார். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படிக்கும் வடகிழக்குப் பிள்ளைகள் டீ குடிக்க வந்தால் ஹிந்தியில் அன்பு காட்டுவார். பட்டாளத்து ஹிந்தியில் அன்புக்குத் தனி வார்த்தை கிடையாது, எல்லாம் கட்டளை. “இதர் ஆவோ! பைட்டோ!” என்றதும் எதிர்கால டாக்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக உட்கார்ந்துவிடும்.

எப்போதாவது மூன்றாமவர் ஒருவர் வருவார். ஐ.நா. படையில் லெபனான் போய் டாலரில் படி வாங்கியவர். அவர் வாயைத் திறந்தால் போதும், மாமனும் மருமகனும் ஒரே கட்சி. “நீலக் குல்லா போட்டுகினு கம்பளி வாங்கினு வந்தா அதுக்குப் பேரு சர்வீஸா?” மூன்றாமவர் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். வாங்கி வந்த கம்பளி உண்மையில் நல்ல கம்பளி.

இவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. 1987 அக்டோபரில் ஒரு ராத்திரி லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கட்டில், போட்டது ராஜ்மாவா, கொண்டைக்கடலையா?

“ராஜ்மா, சாப்.”

“கொண்டக்கடல, ஹவில்தார். தட்டு என் கையில இருந்துச்சு.”

“தட்டு உங்க கையில இருந்துச்சு. உங்களுக்குப் போட்டவன் நானு.”

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக வாய்தா. ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “அந்த ராத்திரி அப்படி என்னதான் நடந்தது?” என்று கேட்டுவிட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஹவில்தார், “ராஜ்மாதான்” என்றார். சுபேதார் மறுக்கவில்லை. அந்த ஒரு நாள்தான் மறுக்காமல் இருந்தார். அந்தப் படையில் போய்த் திரும்பாதவர்கள் ஆயிரத்துக்கு மேல். நமது தரப்புக் கணக்கு அவ்வளவு. அந்தத் தரப்புக் கணக்கைப் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

1990 மார்ச் 24-ல் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. சென்னையில் வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அந்தப் பேச்சு வந்தால் சுபேதார் அரசியல் பேசுவார். ஹவில்தார் பேசமாட்டார். காட்பாடி ஸ்டேஷனுக்கு அவர் மனைவி வந்திருந்தாராம். இடுப்பிலிருந்த பிள்ளை அப்பனைப் பார்த்ததும் வீறிட்டு அழுததாம்.

டீக்காசு எப்போதும் சுபேதார்தான் கொடுப்பார். ஜூனியர் பையில் கைவிடக் கூடாது என்பது சட்டம். மாதக் கடைசியில் மாமன் வீட்டுக் கறிக்குழம்பு தூக்குவாளியில் மருமகன் வீடு போய்ச் சேரும். அது உறவுக் கணக்கு.

நவம்பர் வந்தால், இன்னும் உயிரோடிருக்கிறோம் என்று பென்ஷனுக்குக் கைரேகை வைக்க இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போகிறார்கள். ஹவில்தாரின் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. போன தடவை மிஷின் நாலு முறை அவரை ஏற்க மறுத்தது. ஐந்தாவது முறை சுபேதார் அதைப் பார்த்து ஹிந்தியில் ஓர் ஆர்டர் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது.